கேள்வி எழவில்லை

விருத்தாசலம்
6.2.2025

தம்பி பாரிக்கு,

அக்கா எழுதுவது. நானும் மாமாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம். டெல்லிக் குளிர் இறங்கிவிட்டதா, அந்த ஊர்ச் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா என்று எழுது. போனில் எதைக் கேட்டாலும் 'ம்' என்கிறாய். அந்த 'ம்'மை வைத்து நீ சாப்பிட்டவனா பட்டினியா என்று எனக்குக் கண்டுபிடிக்கத் தெரியவில்லை.

போன் இருக்கும்போது இவள் ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். இரண்டு அறை வீட்டில் எதைப் பேசினாலும் மாமா காதில் விழும். இது அவர் காதில் விழக்கூடாத விஷயம். பதிலை என் கம்பெனி முகவரிக்கே போடு.

விஷயம் நீலாவதியைப் பற்றியது. பொம்மைக் கம்பெனியில் என்னோடு வேலை செய்கிறவள், எதிர் வீட்டுக்காரியும்கூட. நான் ஈர ஸ்பாஞ்சு வைத்து பொம்மையின் விளிம்பைத் துடைக்கிறேன், எனக்குத் தூசி கிடையாது. அவள் கல்மாவு சலிக்கும் இடத்தில் நிற்கிறாள். போன வருஷத்தில் இருந்து இருமல். மருந்துக்கடையில் சிரப்பு வாங்கிக் குடித்துக்கொண்டே சலிக்கிறாள். வேலை இடத்தை மாற்றிக் கொடுங்கள் என்று கேட்டால், தூசி நோய் என்று சர்டிபிகேட் கொண்டு வா என்கிறார்கள்.

அந்த சர்டிபிகேட் மத்திய அரசின் மார்புப் பரிசோதனை நிலையத்தில்தான் கிடைக்கும். வெளியில் எடுத்த எக்ஸ்ரே செல்லாது. அங்கேயே படம் எடுத்து, அங்கே வரும் டாக்டர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் வேலையும் மாறும், மருத்துவச் செலவும் அரசாங்கத்தோடது. ஆனால் நிலையத்தில் மிஷின் இருக்கிறது, அதை இயக்க ஆள் இல்லை. வந்த அன்று போட்ட உறையை இன்னும் கழற்றவில்லை. டாக்டர் வியாழக்கிழமை வருகிறார், பார்க்கப் படம் இல்லாததால் டீ குடித்துவிட்டுப் போகிறார்.

அந்த நிலையத்தில் கிளார்க்காக இருப்பது யார் என்று உனக்கே தெரியும். உன் மாமாவிடம் பேச்சை எடுத்தால், "நான் என்ன பண்றது, மேல எழுதியாச்சு" என்று செய்தித்தாளை விரித்துக்கொள்கிறார்.

நீ ஒரு எம்.பி. அம்மாவுக்குக் கேள்வி எழுதிக் கொடுக்கிற வேலையில்தானே இருக்கிறாய்? இதை ஒரு கேள்வியாகக் கேட்க முடியுமா? மாமாவின் தலை உருளக்கூடாது. நீலாவதி இருமல் சத்தம் கேட்டுத்தான் இப்போதெல்லாம் நான் விடியற்காலையில் எழுந்திருக்கிறேன்.

பொங்கலுக்கு இந்த வருஷமும் நீ வரவில்லை. அடுத்ததற்காவது வருவாயா?

அக்கா
மதிவதனி


புதுடெல்லி
17.2.2025

அன்புள்ள அக்காவுக்கு,

சாப்பிடுகிறேன், தூங்குகிறேன், ஸ்வெட்டரைப் பெட்டியில் வைத்துவிட்டேன். உன் முழங்கால் வலி எப்படி? மாமா நலமா என்று கேட்கத் தோன்றுகிறது, ஆனால் இந்தக் கடிதம் அவருக்குத் தெரியாதே.

கேட்கலாம் அக்கா. எங்கள் உறுப்பினர் அம்மா வேறு மாவட்டத்துக்காரர் என்றாலும், தொழிலாளி விஷயம் என்றால் ஊர் பார்க்கமாட்டார். கேள்வியில் இரண்டு வகை. நட்சத்திரக் குறி போட்டால் மந்திரி சபையில் எழுந்து வாயால் பதில் சொல்வார். குறி போடாததற்கு எழுத்தில் பதில் வரும். நமக்கு எழுத்துதான் நல்லது. பேச்சைக் காற்றில் விட்டுவிடலாம், எழுதிக் கொடுத்த பதில் எழுதினபடியே கிடக்கும்.

நாடெங்கும் இருந்து கேள்விகள் குவியும், குலுக்கலில் விழுந்தால்தான் நமக்கு இடம். விழுந்துவிட்டால் அமைச்சகம் மண்டல அலுவலகத்தைக் கேட்கும், மண்டலம் விருத்தாசலத்தைக் கேட்கும். யார் பெயரும் வராது. மாமாவுக்கு ஒரு தொல்லையும் வராதபடி மெத்தென்று எழுதுகிறேன், கவலைப்படாதே. மார்ச்சில் கூட்டம் மறுபடி தொடங்குகிறது.

நீலாவதி அக்காவைத் துணியாவது மூக்கில் கட்டிக்கொள்ளச் சொல்.

உன் தம்பி
பாரி


விருத்தாசலம்
15.3.2025

தம்பிக்கு,

இருவரும் சௌக்கியம். மாசி மகம் முடிந்து ஊர் இப்போதுதான் மூச்சு விடுகிறது. தேர் பார்க்க வந்த கூட்டத்தில் என் ஒரு செருப்பு போய்விட்டது. பழமலைநாதருக்கு என் ஒற்றைச் செருப்பு எதற்கென்று தெரியவில்லை.

நேற்று மாமா நேரம் கழித்து வந்தார். மேலே இருந்து போன் மேல் போனாம். "ஏதோ பார்லிமெண்டு கேள்வியாம், நாளைக்குள்ள வெவரம் அனுப்பணுமாம். நம்ம ஊரப் பத்தி டெல்லியில எவன் கேக்கறான்?" என்றார். நான் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு "அப்படிங்களா" என்றேன். ரசத்தில் இரண்டாம் தடவை உப்புப் போட்டேன் போலிருக்கிறது. அவர் அதையும் குடித்தார்.

சாப்பிட்டுவிட்டு ஒரு தாளை எடுத்து உட்கார்ந்து எழுதினார். என்ன எழுதினார் என்று நான் பார்க்கவில்லை.

நீலாவதி அப்படியேதான் இருக்கிறாள். நீ அடுத்த பொங்கலுக்கு வருவதைப் பற்றி எழுதவில்லை.

மதிவதனி


புதுடெல்லி
2.4.2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம்தான், மனசு மட்டும் சரியில்லை. பதில் வந்துவிட்டது. தமிழில் எழுதுகிறேன்.

கேள்வி: (அ) விருத்தாசலம் மார்புப் பரிசோதனை நிலையத்தில் எக்ஸ்ரே இயந்திரம் நிறுவப்பட்டுள்ளதா? (ஆ) இல்லையெனில், காரணங்கள் யாவை? (இ) எப்போது நிறுவப்படும்?

பதில்: (அ) ஆம். (ஆ), (இ) கேள்வி எழவில்லை.

அவ்வளவுதான். முதல் கேள்விக்கு 'ஆம்' என்றால் 'இல்லையெனில்' என்று தொடங்கும் மற்றதெல்லாம் தானாகச் செத்துவிடும். அதற்கு இங்கே வழக்கமாகப் போடும் சொல்தான் 'கேள்வி எழவில்லை'. மாமாவுக்கு வலிக்காமல் கேட்கிறேன் என்று நான் எழுதிய கேள்வி, தப்பித்துப் போகிறவர்களுக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறது. இது என் தப்பு. உறுப்பினர் அம்மா படித்துவிட்டு, "என்னப்பா, கேட்டவரே பதிலும் எழுதிக் கொடுத்த மாதிரி இருக்குது" என்றார். தலை குனிந்து நின்றேன்.

மழைக்காலக் கூட்டத்தில் மறுபடி கேட்கலாம். எப்படிக் கேட்பது என்றுதான் புரியவில்லை. நீலாவதி அக்காவிடம் என்ன சொல்வாய்?

பாரி


புதுடெல்லி
9.5.2025

அக்காவுக்கு,

என் கடிதம் வந்ததா? ஒரு மாதத்துக்கு மேலாகிறது. போனில் "நல்லா இருக்கேன், நீ நல்லா இருக்கியா" என்பதோடு வைத்துவிடுகிறாய். பின்னால் மாமா பேசும் சத்தமே கேட்பதில்லை. டிவி சத்தமும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா, அவருக்கு ஆபீசில் ஏதாவதா? என்மேல் கோபம் என்றால் திட்டியாவது இரண்டு வரி எழுது. வெயிலில் நடந்து போகாதே, ஆட்டோவில் போ.

பாரி


விருத்தாசலம்
12.6.2025

தம்பி பாரிக்கு,

எனக்கும் மாமாவுக்கும் உடம்பு நன்றாகவே இருக்கிறது. உன்மேல் கோபம் இல்லை. எழுதக் கை வரவில்லை, அவ்வளவுதான்.

இந்தத் தடவை கேள்வியை இப்படிக் கேள். ஒரு வார்த்தையையும் மாற்றாதே.

(அ) மேற்படி நிலையத்தில் எக்ஸ்ரே இயந்திரம் நிறுவப்பட்ட நாள் முதல் இதுவரை எடுக்கப்பட்ட மார்புப் படங்களின் எண்ணிக்கை, மாதவாரியாக;
(ஆ) அதே காலத்தில் வழங்கப்பட்ட தூசி நோய்ச் சான்றிதழ்களின் எண்ணிக்கை, மாதவாரியாக;
(இ) இயந்திரத்தை இயக்கும் பணியிடம் எந்த நாளில் இருந்து காலியாக உள்ளது;
(ஈ) அப்பணியிடத்தை நிரப்பக் கோரி நிலையத்தில் இருந்து கடிதம் சென்ற நாட்களும், அவற்றின் மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையும்.

எந்த இடத்திலும் 'இல்லையெனில்' வரக்கூடாது. ஒவ்வொரு கேள்வியும் தனிக்காலில் நிற்க வேண்டும். இருக்கிறதா என்று கேட்டால் இருக்கிறது என்பார்கள். எத்தனை என்று கேட்டால் எண்ணிச் சொல்லித்தான் ஆகவேண்டும்.

இனிமேல் கடிதத்தை வீட்டு முகவரிக்கே போடலாம்.

நீலாவதி இப்போது மாடிப்படி ஏறும்போது பாதியில் நின்றுவிடுகிறாள்.

மதிவதனி


புதுடெல்லி
1.7.2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கண்டதும் பாதி உயிர் வந்தது. படித்து முடித்ததும் மீதியும் வந்தது. இங்கே இன்னும் புழுக்கம், மற்றபடி நலம்.

கேள்வியை உறுப்பினர் அம்மாவிடம் காட்டினேன். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு படித்தார். "இத எழுதுனவங்க அந்தப் பக்கம் உக்காந்து பழகுனவங்க" என்றார். நான் "எங்க அக்காதாம்மா" என்றேன். "உங்க அக்கா பொம்மை கம்பெனின்னு சொன்னியே?" என்று சிரித்தார்.

எழுத்து உன்னுடையதுதான் அக்கா. 'மேற்படி நிலையம்' என்பது உன் தமிழ் இல்லை. நான் ஒன்றும் கேட்கப்போவதில்லை. ஆனால் இது போனால் மறுபடியும் போன் மேல் போன் வரும். இந்தத் தடவை என் கேள்வி மெத்தென்று இல்லை. தலை உருளக்கூடாது என்று நீதான் எழுதினாய். அனுப்பட்டுமா? வேண்டாம் என்றால் ஒரு வார்த்தை எழுது, கிழித்துவிடுகிறேன். பத்தாம் தேதிக்குள் உன் பதில் வராவிட்டால் அனுப்பிவிடுவேன்.

மாமாவின் சௌக்கியத்தை இந்தத் தடவை தைரியமாகவே கேட்கிறேன்.

பாரி


புதுடெல்லி
14.8.2025

அன்புள்ள அக்காவுக்கு,

பத்தாம் தேதி வரை பார்த்தேன். உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அனுப்பினேன். முதல் குலுக்கலில் விழவில்லை, அடுத்த வாரம் மறுபடி கொடுத்து விழுந்தது. பதில் இன்று கையில் இருக்கிறது.

மாதத்துக்கு ஒரு வரி. ஒவ்வொரு வரியிலும் பூஜ்யம். படமும் பூஜ்யம், சான்றிதழும் பூஜ்யம். மூன்று பக்கத்துக்குப் பூஜ்யமாகவே இறங்கி வருகிறது. பணியிடம் தொடக்கத்தில் இருந்தே காலி. நிலையத்தில் இருந்து கடிதம் போன தேதிகள் ஏழு. 'நடவடிக்கை' என்ற இடத்தில் ஏழு தடவையும் 'இல்லை'. கடைசியில் அமைச்சகம் தன் பங்குக்கு, பணியிடம் உடனடியாக நிரப்பப்படும் என்று எழுதியிருக்கிறது. எழுதிக் கொடுத்துவிட்டார்கள் அக்கா, இனி அவர்களே நினைத்தாலும் இல்லை என்று சொல்ல முடியாது.

நான் இந்த வேலைக்கு வந்த பிறகு இப்படி ஒரு பதிலைப் பார்த்ததில்லை. 'விவரம் சேகரிக்கப்பட்டு வருகிறது' என்று ஒரு வரி வரும், அதோடு அடுத்த கூட்டம் வந்துவிடும். கேள்வி எழுதுவது பெரிய காரியம் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். ஏசி அறையில் உட்கார்ந்து யாரும் கேள்வி எழுதலாம். கீழே, தன் அதிகாரி பார்த்துக்கொண்டிருக்கும்போது, ஒரு ஆள் பேனாவை எடுத்து அந்தப் பூஜ்யங்களைப் போட்டிருக்கிறார். அந்தக் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் போல இருக்கிறது. பதிலைப் படித்துவிட்டு வராந்தாவில் போய் நின்று அழுதேன். வெட்கமில்லாமல் உன்னிடம் சொல்கிறேன்.

இந்தக் கடிதத்தை நீ மட்டும் படிக்க வேண்டும் என்று இல்லை.

பாரி


விருத்தாசலம்
27.10.2025

தம்பி பாரிக்கு,

நாங்கள் நலம். தீபாவளி மழையோடு போயிற்று. உனக்கு அனுப்பிய அதிரசம் தூளாகப் போய்ச் சேர்ந்ததா, வட்டமாகவா? பதில் எழுத இரண்டு மாதத்துக்கு மேல் ஆக்கிவிட்டேன். முழுதாக முடியட்டும், முடிந்தபின் எழுதலாம் என்று இருந்தேன். முடிந்தது.

வேப்பூர்ப் பக்கத்தில் இருந்து பானுமதி என்று ஒரு பெண் மிஷினுக்கு வேலைக்கு வந்திருக்கிறாள். முதல் நாள் அவள் அந்த உறையைக் கழற்றிய தூசியில் அவளுக்கே தும்மல். முதல் படம் நீலாவதிக்கு. தூசி நோய்தான் என்று டாக்டர் கையெழுத்துப் போட்டார். முற்றவில்லை, தூசியை விட்டு இப்போதே விலகினால் மேலே ஏறாமல் காப்பாற்றலாம் என்றார். அந்தத் தாளை அவள் ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு கம்பெனிக்கு வந்தாள். இப்போது என் பக்கத்தில்தான் உட்கார்ந்து பொம்மைகளை வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குகிறாள். இருமல் இருக்கிறது. சிரிக்கவும் சிரிக்கிறாள். விடியற்காலையில் என்னை எழுப்ப இப்போது அலாரம் வைக்க வேண்டியிருக்கிறது.

நீ கேட்காமல் விட்டதைச் சொல்கிறேன். மார்ச்சில் மாமா எழுதியதை நான் பார்க்கவில்லை என்றேனே, பார்த்தேன். 'ஆம்' என்று ஒரே சொல். ஏப்ரலில் உன் கடிதம் வந்ததும் அந்தப் பதிலைச் சோற்றுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தேன். கேள்வி எங்கே இருந்து கிளம்பியது என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "நான் எழுதுனதுதான். இதுல பொய் ஒண்ணும் இல்லியே" என்றார். "பொய் இல்லைங்க. அதான் வயிறு எரியுது" என்றேன். அதற்குப் பிறகு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது. நீ போனில் கேட்ட நிசப்தம் அதுதான்.

ஜூன் மாதம் ஒருநாள் காலை. தெருக்குழாயில் நீலாவதி பாதிக் குடம் பிடித்திருந்தாள். மாமா செம்போடு போனார். இவள் இருமிக்கொண்டே குடத்தை நகர்த்தி, "நீங்க புடிங்க சார், ஆபீசுக்கு நேரமாவுது. நான் நின்னுக்கறேன்" என்றாள். அவர் தண்ணீர் பிடிக்காமலே வீட்டுக்குள் வந்துவிட்டார். அன்று சாயங்காலம் சட்டையைக்கூடக் கழற்றாமல், "பேப்பர் எடு. உன் தம்பிக்குக் கேள்வி கேக்கத் தெரியல. நான் சொல்றேன், எழுது" என்றார்.

உன் ஜூலைக் கடிதத்தை நான்தான் அவரிடம் நீட்டினேன். கிழிக்கட்டுமா என்று தம்பி கேட்கிறான் என்றேன். படித்துவிட்டு மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "பதில் போடாத. பத்தாம் தேதி தாண்டட்டும்" என்றார்.

கேள்வி வந்தபோது மேலே இருந்து 'பரிசோதனைகள் நடைபெற்று வருகின்றன' என்று எழுதச் சொன்னார்களாம். "அப்படின்னா நீங்களே எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்க சார்" என்றாராம் இவர். யாருக்கும் கையெழுத்துப் போட மனசு வரவில்லை. செப்டம்பரில் மாறுதல் வந்தது. இப்போது சேத்தியாத்தோப்பில் ஒரு சின்ன ஆபீஸ். காலையில் பஸ்ஸுக்கு ஓடுகிறார். வெள்ளாற்றுப் பாலத்தில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் காற்று நன்றாக இருக்கிறதாம். கேட்டால் இதைத்தான் சொல்கிறார்.

நீலாவதிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. தீபாவளிக்கு ஒரு தூக்கு நிறைய முறுக்கு கொண்டு வந்தாள். "சார் இல்லாத நேரமாப் பாத்துதாங்க வந்தேன். இருந்தா வாங்கமாட்டாரு" என்றாள். இரண்டே நாளில் முழுத் தூக்கையும் தின்றது யார் என்று நான் எழுதப்போவதில்லை.

நாடாளுமன்றத்துக்கே பதில் வந்துவிட்டது. பொங்கலுக்கு வருவாயா என்று நான் கேட்பதற்கு மட்டும் உன்னிடமிருந்து பதில் வரவில்லை.

அக்கா
மதிவதனி


அனுப்புநர்
கோ. கோவிந்தராசு
விருத்தாசலம்

பெறுநர்
மச்சான் பாரி
புதுடெல்லி

நாள்: 16.11.2025

பொருள்: கேள்வி கேட்டமைக்கு நன்றி தெரிவித்தல் - தொடர்பாக.
பார்வை: உன் கடிதம், நாள் 14.8.2025.

மச்சானுக்கு,

எனக்கு எழுதத் தெரிந்த கடிதம் இந்த மாதிரி ஒன்றுதான். பொறுத்துக்கொள். நான் நலம். உன் அக்காவும் நலம், என்னோடு பேசிக்கொண்டும் இருக்கிறாள்.

பார்வையில் கண்ட கடிதத்தை அவள் என் கையில் கொடுத்தாள். கண்ணில் ஒற்றிக்கொள்கிற அளவுக்கு இந்தக் கையில் ஒன்றும் இல்லை. விவரம் பின்வருமாறு.

மிஷின் இறங்கிய வருஷம் எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஆள் போடுங்கள் என்று எழுதினேன். மறுபடி எழுதினேன். ஏழு தடவைக்குப் பிறகு விட்டுவிட்டேன். இத்தனை வருஷ வேலையில் என் மேசைக்கு வந்த கேள்வி எல்லாம் "அனுப்பியாச்சா?" என்ற ஒன்றுதான். அங்கே என்ன நடக்கிறது, எத்தனை பேர் வந்து திரும்பிப் போகிறார்கள் என்று ஒருத்தரும் கேட்டதில்லை. கேட்காத இடத்தில் சொல்லிச் சொல்லி, சொல்லாமல் இருப்பதே வேலை என்று ஆகிவிட்டது. மார்ச்சில் நீ கேட்டாய். வருஷக்கணக்கில் யாரும் கேட்காததால் 'ஆம்' என்று எழுதக் கை அதுவாகப் போனது. இரண்டாவது தடவை கேட்டபோதுதான், என்னிடம் சொல்வதற்கு இவ்வளவு இருக்கிறது என்று எனக்கே தெரிந்தது. அந்தப் பூஜ்யங்களைப் போடும்போது பயமாகத்தான் இருந்தது. போட்டு முடித்த அன்று நன்றாகத் தூங்கினேன். அதற்கு உனக்கு நன்றி. ஆபீஸ் நன்றி இல்லை, மனசார.

நீ பரீட்சை எழுதி என்னைப் போல ஒரு மேசையில் உட்காராமல் டெல்லிக்குப் போனதில் எனக்கு வருத்தம் என்பது உனக்குத் தெரியும். மச்சான் என்ன பண்றார் என்று யாராவது கேட்டால் "டெல்லியில இருக்கான்" என்று பேச்சை முடித்துக்கொள்வேன். போன வாரம் பஸ்ஸில் கொளஞ்சி, நீலாவதி வீட்டுக்காரர், கேட்டார். "கேள்வி எழுதறான்" என்றேன். பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

கீழ்க்கண்ட விவரங்களை அனுப்பி உதவவும்:

(அ) வரும் பொங்கலுக்கு மச்சான் ஊருக்கு வருவாரா?
(ஆ) இல்லையெனில், காரணங்கள் யாவை?

'இல்லையெனில்' போடக்கூடாது என்று நானேதான் சொன்னேன். வீட்டுக் கேள்வியில் போடலாம். வர முடியாதவர் போகவும் ஒரு கதவு வேண்டும்.

இப்படிக்கு
கோவிந்தராசு


புதுடெல்லி
26.11.2025

மாமா அவர்களுக்கு,

வணக்கம். நான் நலம். தங்கள் கடிதத்தை அறை நண்பர்களுக்கு வாசித்துக் காட்டினேன். தமிழ் தெரியாதவனும் கேட்டான்.

தாங்கள் கோரிய விவரம்:

(அ) ஆம். ரயில் டிக்கெட் எடுத்தாயிற்று.

(ஆ) கேள்வி எழவில்லை.

பாரி